மகன் அழாத காலை

என் மகன் பிறந்து ஐந்தாம் நாள். திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டில் அன்று காலையிலிருந்து அவன் அழவேயில்லை. "எழுப்பினாலும் பால் குடிக்க மாட்டேங்குறான், பயமா இருக்குங்க," என்று மனைவி இரண்டு முறை சொன்னாள். "தூங்குற பிள்ளைய எழுப்பாத. பசிச்சா தானா அழுவான்," என்று நான்தான் அதட்டினேன்.

பதினோரு மணிக்கு மின்சார மீட்டர் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். தொட்டிலைப் பார்த்துச் சிரித்தார். "சமத்துப் பிள்ளைங்க, அழுறதே இல்லை," என்றேன் பெருமையாக. அவர் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"காலையிலேர்ந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான்?"

எனக்குத் தெரியவில்லை. "ஒரு தடவைகூட இல்லக்கா," என்றாள் மனைவி.

அவர் குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தார். அந்த இடம் மஞ்சளாகத் தெரிந்தது. உள்ளங்காலைச் சுண்டினார். அவன் அசையவில்லை.

"இது தூக்கம் இல்லைங்க. என் மகளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. உடனே கிளம்புங்க," என்றவர், வேலையை விட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிவந்தார்.

தஞ்சாவூர் போகும்வரை மனைவி அவன் மூக்கருகே விரலை வைத்தபடியே இருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"மஞ்சள் காமாலை ரொம்ப ஏறியிருக்கு. பால் குடிக்கத் தெம்பில்லாம மயங்கிக் கிடக்குறான். நாளைக்கு வந்திருந்தா என்னால எதுவும் சொல்லியிருக்க முடியாது," என்றார் மருத்துவர். மூன்று நாள் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். இரண்டாம் நாள் அவன் வீறிட்டு அழுதபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவனுக்கு இப்போது நான்கு வயது. அன்று நான் அதட்டியதை மனைவி ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.