போகுமிலா பிடுங்கிக்கொண்டு போன தகடு

யார் வீட்டுக்குப் போனாலும் போகுமிலா உட்காருவதற்கு முன்னால் கணப்படுப்பின் கதவைத் திறந்து உள்ளே பார்ப்பாள். பார்த்துவிட்டு ஏதாவது சொல்வாள். சொன்னது யாருக்கும் பிடிக்காது. ஐம்பத்தெட்டு வயது, அதில் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கியே போனது. அவளை விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. குளிர்காலத்தில் கரண்ட் போனால் தேடி வருகிறவர்கள் அதிகம்.

அந்த ஜனவரியில் கரண்ட் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முந்தின நாள் பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. மின்கம்பிகள் கை தண்டிக்கு ஐஸ் பிடித்து, காட்டோரத்தில் ஏழு கம்பங்கள் சாய்ந்தன. பிறகு வானம் வெளுத்தது, குளிர் இறங்கியது. புதன்கிழமை காலையில் ஜன்னலுக்கு வெளியே தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு காட்டியது. செல்போன் கோபுரமும் செத்திருந்தது.

அவள் வீட்டில் பிரச்சினை இல்லை. ஓடு பதித்த பழைய கணப்படுப்பு இருந்தது, கூரை உயரத்துக்கு விறகு இருந்தது. பயமெல்லாம் பக்கத்து வீட்டை நினைத்துத்தான். கொன்ராத், கொர்னேலியா இருவரும் பியாவிஸ்தோக் நகரத்திலிருந்து இரண்டு வருஷம் முன்னால் வந்தவர்கள். நாலு மாதக் கைக்குழந்தை, பெயர் இகா. மரத்தூள் உருண்டை எரிக்கும் புது பாய்லர் வைத்திருந்தார்கள். உருண்டையைத் தள்ளிவிடவும் கரண்ட் வேண்டும், தண்ணீரைச் சுற்றவிடவும் கரண்ட் வேண்டும். இலையுதிர் காலத்தில் அதைப் பெருமையாகக் காட்டியபோது, கரண்ட் போனால் இதன்மேல் துணி காயப்போடலாம் என்று போகுமிலா சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கொர்னேலியா வேலிக்கு அப்பால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

புதன் காலை போகுமிலா ரோஷத்தை விழுங்கிக்கொண்டு அங்கே போனாள். வீட்டுக்குள்ளேயே குழந்தைக்குக் குல்லாய் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றாள். கொர்னேலியா, பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறோம் என்றாள். இடிக்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்திருந்த பழைய கணப்படுப்பு மூலையில் பூந்தொட்டி சுமந்துகொண்டு நின்றது. போகுமிலா தொட்டியைத் தூக்கிக் கீழே வைத்தாள். செய்தித்தாளைக் கொளுத்தி உள்ளே நீட்டினாள். சுவாலை மேலே இழுபட்டது. புகைபோக்கி சரியாக இருந்தது.

விறகு மூட்டிக் கொடுத்துவிட்டு, புகை போகும் வழியை மூடித் திறக்கப் புகைபோக்கிக்குள் நுழையும் இரும்புத் தகட்டைத் தட்டிக் காட்டினாள்.

"எரியுற வரைக்கும் இது வெளிய இழுத்தே இருக்கணும். கரி மொத்தமும் கறுத்த பிறகுதான் உள்ள தள்ளி மூடணும். நீலமா ஒரு பொட்டு நெருப்பு ஆடினாலும் தொடக்கூடாது. மூடினா வாசனையில்லாத விஷக்காத்து வீட்டுக்குள்ளயே நிறைஞ்சுடும்."

"அதுக்குள்ள சூடெல்லாம் வானத்துக்குப் போயிடுமே, பானி போகுமிலா," என்று கொன்ராத் சிரித்தான். பானி என்று மரியாதை போட்டுத்தான் கூப்பிடுவான்.

"போகட்டும். வானத்துக்கும் குளிராத்தான் இருக்கும்."

தலையாட்டினான். ஆனால் கண் குழந்தையின் குல்லாய்மேலேயே இருந்ததை அவள் பார்த்தாள். மூன்று அடுக்குக் கண்ணாடி ஜன்னல்கள். போதாததற்குக் கதவிடுக்கிலெல்லாம் போர்வை திணித்திருந்தார்கள். காற்று நுழைய ஊசி முனை இடமில்லை.

பகல் இரண்டரை மணிக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர்கள் புகைபோக்கியில் புகை இல்லை. கரி நிலைக்கு வந்துவிட்டால் புகை இருக்காது, சரி. ஆனால் புகைக்கூண்டுக்கு மேலே சூட்டில் காற்று நெளியவேண்டும். நெளியவில்லை. ஒரு மணிக்குத்தான் கெட்டிப் புகை வந்தது, அப்போதுதான் கடைசி விறகு போட்டிருக்கிறார்கள். நாலு மணிக்கு முன்னால் அந்தக் கரி கறுக்காது. அதற்குள் தகட்டை மூடிவிட்டார்கள்.

புருஷன் யூலியனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, கதவை உடைத்துக்கொண்டு போய் நின்றால், தூங்குகிறவர்கள் எழுந்து உன்னை ஊரைவிட்டே துரத்துவார்கள் என்றான். சொல்லிக்கொண்டே பூட்ஸைத் தேட ஆரம்பித்தான். அவனுக்குத் தெரியும். கல்யாணமான முதல் குளிர்காலத்தில், மாமியார் விறகுக் கணக்குப் பேசுகிறாள் என்று, நீலம் அணையுமுன் போகுமிலா தகட்டைத் தள்ளிவிட்டு மாடு கறக்கப் போனாள். திரும்பி வந்தபோது யூலியன் தரையில் கிடந்தான். பிழைத்தான், ஆனால் மூக்கு செத்துவிட்டது. சூப் அடிப்பிடித்தால்கூட இன்றுவரை தெரியாது. மூடினது நான்தான் என்று அம்மாவிடமும் ஊரிடமும் சொல்லிவிட்டான்.

விறகுக் கோடரியோடு போகுமிலா கிளம்பினாள். கேட் உறைந்து ஒட்டியிருந்தது. வேலி ஏறிக் குதித்தாள். கதவைத் தட்டினாள், பிறகு கோடரியின் பின்பக்கத்தால் இடித்தாள். பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டாள். குழந்தை அழவில்லை. தூங்கும் குழந்தையும் அழாதுதான். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். மூக்குத் துவாரம் ஒட்டிக்கொள்ளும் குளிர். பிறகு ஜன்னலில் அடித்தாள். கோடரி துள்ளித் திரும்பியது. இரண்டாவது அடிக்கு வெளிக் கண்ணாடி நொறுங்கியது. நாலாவது அடியில் கை உள்ளே போனது.

அறை இதமாக இருந்தது. ஒரு வாசனையும் இல்லை. அந்த இதத்தைத்தான் அவள் முப்பத்துமூன்று வருஷமாக வெறுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறிக் குதித்தாள். கொர்னேலியா சோபாவில், குழந்தை அவள் மார்பில், மேலே மூன்று போர்வை. கொன்ராத் அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் குப்புறக் கிடந்தான். அவள் குழந்தையை எடுத்து, பின்னாலேயே வந்து வெளியே நின்ற யூலியனின் ஆட்டுத்தோல் கோட்டுக்குள் ஜன்னல் வழியாகத் திணித்தாள். ஓடிப்போய்த் தகட்டை இழுத்தாள். முன்கதவை விரியத் திறந்தாள். கொர்னேலியாவை அக்குளில் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். சில்லென்ற காற்று பட்டதும் கொன்ராத் தானே தவழ்ந்தான்.

யூலியன் குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். இகாவின் தலை அவன் கையில் தொங்கியது. ஒரு சத்தமும் இல்லை. போகுமிலா பிடுங்கிக்கொண்டு, காற்றுக்கு முகத்தைக் காட்டி, பாதத்தைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். குழந்தை ஒருமுறை இருமியது. பிறகு முகமெல்லாம் சுருங்கி, ஊளையிடுவதுபோல அழுதது.

கொர்னேலியா பனியில் வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "ஜன்னல்... வீடு குளிர்ந்துடும்."

"குளிரட்டும்டி. பேசாம மூச்சை இழு."

யூலியன் டிராக்டரில் போய்த் தீயணைப்பு ஆட்களைக் கூட்டிவந்தான். அவர்கள் ஆக்சிஜன் முகமூடி மாட்டி மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டி போன பிறகு போகுமிலா உள்ளே போய், தகட்டை முழுசாகப் பிடுங்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார்கள். கரண்ட் இன்னும் வரவில்லை. உடைந்த ஜன்னலுக்கு யூலியன் பலகை அடித்திருந்தான். கொன்ராத் அவள் சமையலறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஆணியில் தொங்கிய தகட்டைப் பார்த்தான்.

"அணைஞ்சுடுச்சுன்னு நினைச்சேன். சிவப்பே தெரியல," என்றான்.

போகுமிலா திட்ட வாயெடுத்தாள். யூலியன் முந்திக்கொண்டான். "இவளும் ஒரு தடவை அப்படித்தான் நினைச்சா. நான் மூடினேன்னு ஊர்ல சொன்னது பொய்."

அவள் சீவிக்கொண்டிருந்த உருளைக்கிழங்கு கை நழுவி வாளியில் விழுந்தது. ஆணியிலிருந்து தகட்டை எடுத்துக்கொண்டு கொன்ராத்துக்கு முன்னால் அவன் வீட்டை நோக்கி நடந்தாள்.

அன்று மாலை அவளும் கொர்னேலியாவும் அந்த வீட்டு அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார்கள். மடியில் இகா. உள்ளே கரி மேல் மெல்லிய நீலம் ஓடியது.

"இப்போ?" என்றாள் கொர்னேலியா.

"இல்ல."

கால் மணி போனது. "இப்போ?"

போகுமிலா கம்பியால் கரியைக் கிளறினாள். அடியிலிருந்து ஒரு நீலப் பொட்டு எழுந்து ஆடியது. கொர்னேலியா குழந்தையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. எல்லாம் கறுத்து, இன்னும் அரை மணி நேரம் போன பிறகு, போகுமிலா தகட்டை அவளிடம் நீட்டினாள்.

கொர்னேலியா கம்பியை வாங்கி, தானே இன்னொரு முறை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் தகட்டைத் தொட்டாள்.