பிள்ளையாருக்குப் பின்னால் சுற்றிய சக்கரம்

என் தங்கை மகளின் வளைகாப்பில், பந்தியில் உட்கார்ந்தபடி என் வீட்டுக்காரர் வாழையிலையில் சாம்பாரால் ஒரு வட்டம் வரைந்தார். அப்பளத்தை உடைத்து உடைத்து வட்டத்துக்குள் வைத்தார். பக்கத்து இலையில் இருந்த சம்பந்தி வீட்டு மனிதரிடம், "இந்தப் பக்கம் குண்டு வெளிய ஓடும், பாரம் ஜாஸ்தி, கீழ இழுக்கும். அந்தப் பக்கம் குண்டு உள்ள வந்துடும், பாரம் கம்மி, ஈஸியா மேல ஏறும். ஒருவாட்டி தள்ளிவிட்டா போதும் சார். கரண்ட் வேணாம், பெட்ரோல் வேணாம், அது பாட்டுக்கு சுத்தினே இருக்கும்" என்று விளக்கினார். அந்த மனிதர் பாயசம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் ஊற்ற வந்தவர் இலையில் எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார். பந்தியே சிரித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் முட்டாள் இல்லை. ஊருக்கு வெளியே பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் மெயின்டெனன்ஸ் பார்த்தவர். எந்த மெஷின் எந்த இடத்தில் முனகும் என்று காதாலேயே சொல்லுவார். கம்பெனியை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வேலை தேடிக்கொண்டு போனார்கள். இவர் போனில் வீடியோ பார்த்தார். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் தங்கள் வீட்டு ஷெட்டில் சக்கரம் செய்து, ஒரு விரலால் தள்ளிவிட்டு, கைகட்டி நின்று சிரிக்கிற வீடியோக்கள்.

"பாரு, எப்படி சுத்துது பாரு" என்று என் மூக்குக்கு நேராகப் போனை நீட்டுவார்.

"அவன் பின்னாடி என்னத்த வச்சிருக்கானோ, யாரு கண்டா?" என்பேன்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு என்பது ஒரு ஹால், ஒரு சமையலறை. ஹாலில் பாதியைச் சக்கரம் எடுத்துக்கொண்டது. ப்ளைவுட்டில் அறுத்தது, என் தோள் உயரம். உள்ளே வளைவு வளைவாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் பழைய பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு. சுற்றும்போது கடகடவென்று ஒரு சத்தம். நடு அச்சு லேசாகச் சுற்றவேண்டும் என்று அங்கிருந்த கிரீஸை எல்லாம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். நான் வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் ஒரு பிஜி ஹாஸ்டலில் சமையல் செய்கிறேன். அங்கே வெங்காய வாசம், வீட்டுக்கு வந்தால் மண்ணெண்ணெய் நாற்றம். அந்த வருஷம் எனக்குச் சோறே இறங்கவில்லை.

தெருவில் தலைகாட்ட முடியாது. "இன்னாக்கா, சக்கரம் சுத்துதா?" என்று தண்ணி கேன் போடுகிறவன்கூடக் கேட்பான். மார்க்கெட்டுக்குப் போனால் அவர் இந்தப் பக்கம் நடப்பார், நான் எதிர்ப்பக்கம் நடப்பேன். வெயில் அந்தப் பக்கம் கம்மி என்று ஒரு சாக்கு. வெயிலாவது மண்ணாவது! கூட நடந்தால் யாராவது நிறுத்திக் கேட்பார்கள், இவர் நடுரோட்டில் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். அதுதான் பயம்.

விநாயகர் சதுர்த்தி வந்தது. எங்கள் தெருப் பையன்கள் வருஷா வருஷம் பந்தல் போட்டு மூன்று நாள் பிள்ளையார் வைப்பார்கள். பிள்ளையார் தலைக்குப் பின்னால் கலர் பல்பு போட்ட சக்கரம் ஒன்று மோட்டாரில் சுற்றும். இந்தத் தடவை இவர் போய் வாயை விட்டுவிட்டு வந்தார். "மோட்டாரே வேணாம்பா. நம்ம சக்கரத்த வைங்க. தானா சுத்தும்." பையன்களுக்கு ஒரே குஷி. "சக்கத்தா, சூப்பரா இருக்கும் அங்கிள், ஊரே வந்து பாக்கும்!"

அன்று வீட்டில் பெரிய சண்டை. இவருடைய பழைய சூப்பர்வைசர் பொம்மசந்திராவில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். வேலைக்கு வா என்று நல்ல மனசோடு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளையாரைக் கரைப்பதற்குள் பதில் சொல், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். நான் கத்திய கத்தலில் இவர் இறங்கி வந்தார்.

"சரி. பிள்ளையார் முன்னாடி சுத்தலன்னா, மறுநாளே வேலைக்குப் போறேன். சக்கரத்த நானே உடைச்சு அடுப்புல வைக்கிறேன். போதுமா?"

"பிள்ளையார் மேல சத்தியமா?"

"சத்தியமா."

அது சுற்றக்கூடாது என்று பிள்ளையாரிடமே வேண்டிக்கொண்ட ஒரே பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

முதல் நாள் சாயங்காலம். சக்கரத்துக்குத் தங்கக் கலர் தாள் ஒட்டி, பிள்ளையாருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். கீழ்ப்பாதி பீடத்துக்குப் பின்னால் மறைந்துவிடும், மேல்பாதி மட்டும் ஒளிவட்டம் மாதிரி தெரியும். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஒரு விரலால் தள்ளிவிட்டார். கடகடவென்று சுற்றியது. எல்லாரும் கை தட்டினார்கள். ஆரத்தி பாதியில் இருக்கும்போது சத்தம் குறைந்தது. சக்கரம் ஒருபக்கம் போய், திரும்பி வந்து, தொட்டில் மாதிரி ஆடி நின்றது.

"அங்கிள், பேட்டரி போச்சா?" என்றான் ஒருத்தன். பந்தலே குலுங்கியது.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, உதடு மட்டும் கோணிக்கொண்டது. "ஆயில் எடுத்துனு வரேன்" என்று யாரிடம் என்று இல்லாமல் சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் போனார். எல்லாரும் சுண்டலுக்கு முண்டிக்கொண்டிருந்த நேரத்தில், பந்தல் துணிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் புகுந்தேன். பீடத்துக்குப் பின்னால் குந்தி, சக்கரத்தின் கீழ் விளிம்பைக் கையால் தள்ளினேன்.

"அங்கிள்! தானா ஸ்டார்ட் ஆயிடுச்சு!" என்று பையன்கள் கூவினார்கள்.

துணியில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது. அதன் வழியாக அவரைப் பார்த்தேன். வீட்டிலிருந்து திரும்பியவர் எண்ணெய்க் கேனைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. கையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். பிஜியில் ராத்திரிச் சமையலும் என் தலையில் விழுந்துவிட்டது என்று அவரிடம் புளுகினேன். சாயங்காலமானால் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுப் பிள்ளையாருக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். பூஜை முடிந்ததும், குழந்தைகள் உள்ளே கையை விட்டுவிடும் என்று பையன்கள் சக்கரத்தைக் கட்டிவைப்பார்கள், அதனால் பிழைத்தேன். அவர் ஒரு தடவைகூடப் பின்பக்கம் வரவில்லை. ஓடுகிற மெஷினைத் தொடக்கூடாது என்பது அவர் தொழில் பாடம். முன்னால் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொன்னார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சக்கரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமிக்குப் பின்னால் உட்கார்ந்து திருட்டுத்தனம் பண்ணுகிறேனே என்று கூசியது. பிள்ளையாரப்பா, முதுகைத்தானே பார்க்கிறேன், மன்னித்துக்கொள் என்று முணுமுணுத்தேன்.

கடைசி நாள் சூப்பர்வைசர் வந்தார். அவர் குரல் கேட்டதும் எனக்குத் திக்கென்றது.

"பரவாயில்லையேப்பா, நெஜமாவே சுத்துதே! சரி, நம்ம வேலைக்கு என்ன சொல்ற?"

"வேணாம் சார். இத விடப் பெரிசா ஒண்ணு பண்ணப்போறேன். ஒரு ஷெட்டும் பாத்து வச்சிட்டேன்."

"உங்க வீட்ல எங்க? காணோமே?"

"அவ வரமாட்டா சார். வெக்கம் அவளுக்கு. என்கூட ரோட்ல நடக்கறதுக்கே வெக்கம், எதிர்ப்பக்கமா நடப்பா. நானும் தெரியாத மாதிரியே இருந்துடுவேன். அவளச் சொல்லி என்ன சார், நாலு பேரு சிரிக்கறத அவதானே கேக்கணும். ஒருவாட்டி வந்து இது சுத்தறதப் பாத்தான்னா போதும். அப்புறம் பக்கத்துல நடப்பா."

என் கை அதுபாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெயில் சாக்கு, எதிர்ப்பக்கம், எல்லாம் தெரிந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஷெட்டை வாடகைக்கு எடுத்துவிடுவார், வேலை போய்விடும், வாழ்நாள் பூராவும் நான் பின்னால் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தேன்.

கடகடச் சத்தம் குறைந்தது. சக்கரம் ஆடி நின்றது. கொஞ்ச நேரத்தில் துணி விலகியது. அவர் தலை உள்ளே வந்தது. கவிழ்த்த பக்கெட், அதன்மேல் நான், எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்துப்போன என் வலது கை. எல்லாவற்றையும் பார்த்தார். துணியை இழுத்து, நான் வெளியே தெரியாதபடி ஓரத்தைக் கயிற்றில் செருகிவிட்டுத் திரும்பினார்.

"என்ன ஆச்சு அங்கிள்?"

"பேட்டரி போச்சுப்பா" என்றார். "பின்னாடி சின்னதா ஒரு மோட்டார் வச்சிருந்தேன். மூணு நாளு ஓடிச்சு. இப்ப தீந்துபோச்சு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். சாமி விஷயத்தில் ஃபிராடா என்றது ஒரு குரல். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோமே, தூ, என்றது ஒரு பெண் குரல். "தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு அடி எடுத்து வைத்து வெளியே வந்து, மோட்டாரும் இல்லை மண்ணும் இல்லை, நான்தான் தள்ளினேன் என்று சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. கூட்டம் கலைகிறவரை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கெட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

சூப்பர்வைசர் நல்ல மனிதர், அப்படியும் வேலை கொடுத்தார். இவர் இப்போது தினமும் பொம்மசந்திராவுக்குப் போய் வருகிறார். தெருவில் அவருக்குப் பேட்டரி அங்கிள் என்று பெயர் நிலைத்துவிட்டது. மார்க்கெட்டுக்கு நாங்கள் ஒரே பக்கமாகத்தான் நடக்கிறோம். யாராவது "பேட்டரி அங்கிள்!" என்று கத்தினால் அவர் திரும்பிக் கையாட்டுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். புருஷனை நினைத்து வெட்கப்படுகிறாள், பாவம், என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.