இரவல் நாட்கள்

சென்ற மாதம், ஜெர்மனியின் எசன் நகர மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் தாதி ஒருவர் "தினேஷ்!" என்று மூன்று முறை அழைத்தார். என் அருகில், வலக்கையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்த இளைஞன் அசையவில்லை.

"என்ன தம்பி, கையோட காதும் வெட்டுப்பட்டதோ? உம்மைத்தான் கூப்பிடுகினம்!" என்றார் யோகா அக்கா.

யோகா அக்கா யாழ்ப்பாணத்தவர். பல்கலைக்கழக உணவகத்தில் பாத்திரம் கழுவும் பிரிவுக்குப் பொறுப்பாளர். உடைந்த கண்ணாடிக் கிண்ணம் இளைஞனின் உள்ளங்கையைக் கிழித்ததும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு வந்தவர், பதிவு மேசையில் பெயரைச் சொன்னவர், எல்லாம் அவரே.

சிக்கல் என்னவென்றால்... அவன் தினேஷ் இல்லை. கவின். மதுரைப் பக்கத்து மாணவன். நானும் அதே பல்கலைக்கழகத்தில் முன்பு படித்தவள் என்பதால் அவன் எனக்கு அறிமுகம். டாக்ஸியிலிருந்தே செய்தி அனுப்பியிருந்தான்: "அக்கா, உடனே வாங்க. இங்க நான் தினேஷ். மாத்திக் கூப்பிட்டுடாதீங்க."

ஜெர்மனியில் மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டவர் ஆண்டுக்கு இத்தனை நாட்கள்தான் வேலை செய்யலாம் என்று ஓர் எல்லை உண்டு. பேராசிரியரிடம் மாணவ உதவியாளராகப் பணிபுரிந்தால் மட்டும் அது அந்தக் கணக்கில் சேராது. கவினின் அறைத்தோழன் தினேஷ் ஆய்வக உதவியாளன். அவனுடைய நாட்கள் தொடப்படாமல் மிச்சம் இருந்தன. கவினோ கோடை முழுவதும் கிடங்கில் பெட்டி தூக்கியவன். அவனுடைய நாட்கள் தீர்ந்துவிட்டன. ஒரே வளாகம், ஒரே விசா — ஆய்வகக் குடுவையைக் கழுவினால் கணக்கில்லை. உணவகத் தட்டைக் கழுவினால் கணக்கு!

தன் மிச்சத்தை தினேஷ் நண்பனுக்குக் கொடுத்தான்; அவன் பெயரில் கவின் உணவகத்தில் சேர்ந்தான். வகுப்பில் நண்பனுக்காக 'ப்ரெசென்ட் சார்' சொல்லிப் பழகிய நமக்கு இது குற்றமாகவா தோன்றும்? நட்பாகத்தான் தோன்றும்.

ஆனால், அடுத்த மாதம் கவினின் விசா நீட்டிப்பு. உண்மை தெரிந்தால் படிப்பே பாதியில் நின்றுவிடலாம். தெரியாவிட்டால்? வேலையிடத்து விபத்து என்பதால் அறுவை சிகிச்சை, பிறகு விரல்களுக்கான பயிற்சி எல்லாம் காப்பீட்டில் கிடைக்கும் — தினேஷுக்கு. தசைநார் அறுந்திருப்பதோ கவினுக்கு.

உண்மையைச் சொல் என்று அறிவுரை கூற எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குத் திருப்பி அனுப்பப்படக்கூடியவன் அவன், நானில்லையே.

அறுவைக்கு முன் சோதிக்கவேண்டும் என்று தாதி இரத்தம் எடுத்தார். சிறிய குழாய்மீது தினேஷின் பெயரை ஒட்டினார். கவின் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா... அது என் ரத்தம்" என்று என் காதோரம் முணுமுணுத்தான்.

"ஆமா."

"அவன் ஃபைல்ல போயிடும். நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆகி, என் குரூப்பைப் பார்த்து அவனுக்கு ரத்தம் ஏத்திட்டா?"

மறுபடியும் சோதிப்பார்கள் என்று நான் சமாதானம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாதி கதவை எட்டும் முன், தட்டுத்தடுமாறிய ஜெர்மனில் அவனே அழைத்தான்.

"மன்னிக்கவும். நான் தினேஷ் இல்லை."

யோகா அக்கா திரும்பினார். "அப்ப நீர் ஆர்?"

"கவின், அக்கா."

"கவினோ! அதுதான் ஒரு நாளும் முதல் தரம் கூப்பிடேக்கை திரும்பிப் பாக்கேல்லை! செவிடனாக்கும் எண்டு நான் பாவப்பட்டுக் கத்திக்கொண்டு திரிஞ்சன்." அடுத்த கணமே அவர் குரல் இறங்கியது. "என்ரை வேலைக்கும் ஏதும் வந்திடுமோ தங்கச்சி?"

"தெரியல அக்கா" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

தாதி அந்தக் குழாயைக் குப்பையில் போட்டார். புதிய குழாயை எடுத்தார். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார்.

அறுவை முடிந்த மாலையில் தினேஷ் வந்தான். வராமலே ஒதுங்கியிருக்கலாம்.

"நீ ஏன்டா வந்தே?"

"என் பேருக்கு அடிபட்டிருக்கு, பார்க்க வராம இருப்பேனா?"

இருவரும் சிரித்தார்கள். சிறிது நேரம்தான்.

மறுநாள் உணவக நிர்வாகத்திடம் நடந்ததைச் சொன்னார்கள். உணவக வேலை போயிற்று. யோகா அக்காவை விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். மாணவர்களுக்கான சட்ட ஆலோசகரின் உதவியுடன் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் கவின் அனைத்தையும் எழுதிவிட்டான்.

இந்த விதியில் எனக்குக் குறைகள் தெரிகின்றன. அறிவு சார்ந்த உழைப்புக்கு ஓர் அளவு, கை உழைப்புக்கு வேறோர் அளவு என்பது நியாயம்தானா? கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால், இரவல் பெயரில் உடம்பை வேலைக்கு அனுப்புவது அதற்கான பதிலாகாது. அந்த உடம்பு காயப்படும்போது, 'இது என்னுடையது' என்று சொல்லக்கூட ஆளில்லாமல் போகிறது.

வேலையில் காயப்பட்டது அவன்தான் என்பதால் விபத்துக் காப்பீடு கவின் பெயரிலேயே ஏற்கப்பட்டது. சுட்டுவிரல் மெல்ல மடங்குகிறது. விசாவுக்கான பதில் இன்னும் வரவில்லை.

எந்தப் பதிலானாலும், அது கவின் பெயருக்குத்தான் வரும்.