பொம்மியை எடை போட்டார்கள்

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் சௌந்திரத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. தொப்புளுக்குக் கீழே ஒரு கோணல் தழும்பு உண்டு. மழைக்காலத்தில் அது சுருக்கென்று இழுக்கும். எட்டுத் தறிகளுக்கு நடுவே நடந்தபடியே ஒரு கையால் அதை அழுத்திக்கொள்வது அவருக்குப் பழகிவிட்டது. பார்க்கிறவர்கள் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வதாக நினைப்பார்கள்.

போன ஆடி மாதம் முழுக்க அவருக்கு ஒரே யோசனை. தன் நாய் பொம்மியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலிவு விலைக் கருத்தடை மையத்துக்குக் கொண்டுபோகலாமா, கூடாதா?

பொம்மி வெள்ளைப் பொமரேனியன். ஒரு கையில் அடங்கிவிடும். பட்டறை முதலாளி மோகன்குமார் தன் மகளுக்காக வாங்கியது. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதும் நாய் பங்களாவிலிருந்து பட்டறைக்கு வந்தது. பட்டறையிலிருந்து ஒரு சாயங்காலம் சௌந்திரத்தின் பின்னாலேயே நடந்து அவருடைய லைன் வீட்டுக்கு வந்துவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. கணவர் சின்னுசாமி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மகள் கல்யாணமாகிப் பல்லடம் போய்விட்டாள். பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வந்தால் காது அடைத்திருக்கும், யாரோடும் பேசத் தோன்றாது. பொம்மி வந்து காலின்மேல் படுத்துக்கொள்ளும். அது போதுமாக இருந்தது.

சித்திரையில் பொம்மி மூன்று குட்டிகள் போட்டது. மூன்றும் செத்துப் பிறந்தன. அதுவே பிழைத்தது பெரும்பாடு. பார்த்த கால்நடை டாக்டர், இன்னொரு பிரசவத்தை இந்தச் சின்ன உடம்பு தாங்காது, கருத்தடை செய்துவிடுங்கள் என்றார். ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்தால் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டார்கள். ஒரு அறக்கட்டளை நடத்தும் மையத்தில் அறுநூறு ரூபாய்.

மோகன்குமாரிடம் லீவு கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. "அறநூறு ரூவாய்க்கு அறுக்கறவன் என்னத்தப் பாப்பான்?" என்றார் அவர். "பெரிய நாயின்னாத் தாங்கும். இது எலிக்குஞ்சாட்டம் இருக்குது. கூட்டத்தோட கூட்டமாப் படுக்க வெச்சு அறுத்துப் போட்ருவாங்க, பாத்துக்க."

பெரிய மருத்துவமனைக்குப் போகப் பணம் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வழியில்லாதவர்களுக்குப் பயத்தை மட்டும் இலவசமாகக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவது வசதியுள்ளவர்களின் பழக்கம். ஆனால் 'கூட்டத்தோட கூட்டமா' என்ற சொல் சௌந்திரத்தை விட்டு நகரவில்லை. ஏனென்றால் அவர் அப்படிப் படுத்தவர்.

இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால் நடந்தது அது. இரண்டாவது பெண் குழந்தை பிறந்து இறந்தபின், இனிமேல் பிள்ளை வேண்டாம் என்று முடிவானது. கத்தி யாருக்கு என்பதில் மட்டும் பேச்சே எழவில்லை. ஆண்பிள்ளைக்குச் செய்தால் தறி ஓட்டத் தெம்பு இருக்காது என்று சின்னுசாமியின் அம்மா சொன்னார். சௌந்திரமும் தறிதான் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். பக்கத்து வீட்டு மயிலம்மாளும் கூட வந்தார். முந்தின நாள் ராத்திரியிலிருந்து சாப்பிடக்கூடாது என்றார்கள். டாக்டர் வந்தது மறுநாள் மூன்று மணிக்கு. அறுபது பெண்கள், ஒன்றரை மணி நேரம். இடுக்கி ஒரு வயிற்றிலிருந்து எழுந்து தட்டில் கிடந்த தண்ணீரில் முங்கி அடுத்த வயிற்றுக்குப் போனதைச் சௌந்திரம் கண்ணால் பார்த்தார். பிரபா என்ற பெண் காய்ச்சல் அடிக்கிறது என்று சொன்னாள். அன்றைக்குக் காட்ட வேண்டிய கணக்கு அறுபது. அவளையும் சேர்த்தால்தான் அறுபது. சேர்த்தார்கள். எட்டாம் நாள் அவள் செத்துப்போனாள். விதி என்று சொல்லி ஊர் வாயை மூடிக்கொண்டது. சௌந்திரத்துக்குத் தையலில் சீழ் வைத்து ஆறு மாதம் இழுத்தது. அது அவருடைய உடம்புவாகு என்றார்கள்.

ஆகவே இப்போது அவர் யாருடைய சொல்லையும் நம்பவில்லை. வார விடுமுறை நாளில் நேராக மையத்துக்கே போனார். பழைய பஞ்சுக் குடோனைத் தடுத்து வெள்ளையடித்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்று பார்த்தார். ஒவ்வொரு நாய்க்கும் துணியில் கட்டிய ஒரு புது மூட்டை பிரிக்கப்பட்டது. முடிந்ததும் அந்தக் கத்திரியும் இடுக்கியும் கழுவ வேறு அறைக்குப் போயின, அதே மேசைக்குத் திரும்பவில்லை. நாயின் நாக்கில் ஏதோ கருவியை மாட்டிவிட்டு ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு வேலை அவளுக்கு இல்லை.

டாக்டர் பிரவீனா வெளியே வந்தபோது சௌந்திரம் விலையைப் பற்றிக் கேட்கவில்லை. தறிக்காரிக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தன உருப்படி பாக்கறீங்க, சாமி? நாலு தறி பாத்தா எழை அறுந்தா உடனே தெரியுமுங்க. பன்னெண்டு தறியக் குடுத்தா, துணி ஓட்டையானப்பறந்தான் தெரியும்."

டாக்டர் சிரித்தார். நாமக்கல்லில் படித்த பெண், முப்பது வயது இருக்கலாம். "பத்துக்கு மேல தொட மாட்டேங்கம்மா. சின்ன நாய மொதல்ல எடுத்துக்குவேன். ரொம்ப நேரம் பட்டினி கெடந்தா அதுங்களுக்கு ஆகாது. சின்ன ஒடம்பு சீக்கிரம் சில்லுன்னு ஆயிரும், அதுக்குச் சூடு வெப்போம். ஆபத்தே இல்லைன்னு மட்டும் சொல்ல மாட்டேன். எங்க பண்ணுனாலும் மயக்க மருந்து மயக்க மருந்துதான்." முந்தின நாள் ராத்திரி பத்து மணியோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, வியாழக்கிழமை எட்டு மணிக்கு வரச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை, தனக்குப் பதிலாக வந்த ஆளுக்குத் தறிகளைக் காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. பதில் ஆள் விடாமல் லீவு எடுக்க முடியாது. பொம்மியை ஒரு மணி நேரம், இன்றும் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் மயிலம்மாளிடம் விட்டு, எதுவும் கொடுத்துவிட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போனார். பிறகு மூவரும் பஸ் ஏறினார்கள்.

மையத்தில் முதல் வேலையாகப் பொம்மியைத் தராசில் நிறுத்தினார்கள். மூன்று கிலோ எண்ணூறு. அதை எழுதி, ஊசியில் மருந்தின் அளவை அந்த எடைக்குக் கணக்குப் போட்டார்கள். வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டர், சாப்பிட்டதா என்று கேட்டார். இல்லை என்றார் சௌந்திரம். மயிலம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இன்னொரு முறை, இந்தத் தடவை மயிலம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டே வாயிங்க," என்றார் மயிலம்மாள். "தயிருஞ்சோறு."

சௌந்திரம் திரும்பிப் பார்த்தார்.

"என்னைய என்ன பண்ணச் சொல்ற? நானும் நீயும் அன்னைக்கு மூணு மணி வரைக்கும் சுருண்டு கெடந்தது எனக்கு மறக்கல. வாயில்லாதது, கத்திக்குப் போகுது, வெறும் வயித்தோட அனுப்ப மனசு வருல."

டாக்டர் கோபப்படவில்லை. மயக்கத்தில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், பட்டினி போடச் சொன்னதன் காரணம் அவ்வளவுதான் என்று விளக்கினார். மண்டபத்தில் இருவருக்கும் அதை யாரும் விளக்கியதில்லை. அது கொடுமை என்றே இருபத்தேழு வருடம் நினைத்திருந்தார்கள். பாதி கொடுமைதான்.

இன்னொரு நாள் லீவு கிடைக்காது, எப்படியாவது பார்த்துச் செய்துவிடுங்கள் என்று சௌந்திரம் கெஞ்சினார். பொம்மியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார் டாக்டர்.

"இன்னைக்குப் பண்ண மாட்டேங்கம்மா. அடுத்த வியாழன் வாங்க."

திரும்பும் பஸ்ஸில் சௌந்திரம் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒரு நாள் கூலி போய்விட்டது. மோகன்குமாரிடம் இன்னொரு முறை பல்லைக் காட்ட வேண்டும். மயிலம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கீழே தண்ணீர் சாயம் கலந்து ஓடியது.

பாலம் முடியும் இடத்தில் சௌந்திரம் சொன்னார்: "அக்கா, அன்னைக்குப் பிரபாவ யாராச்சும் ஊட்டுக்குப் போன்னு சொல்லியிருந்தா?"

அடுத்த வியாழக்கிழமை போவதென்று சௌந்திரம் முடிவெடுத்தது அந்த இடத்தில்தான். அறுநூறு ரூபாய்க்கு எல்லாரையும் அறுத்துத் தள்ளுகிற இடமாக இருந்தால் இவர்களைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் பதில் ஆளுக்கு அவரே தன் கையிலிருந்து கொடுத்தார். மயிலம்மாள், நாயைத் தன்னிடம் விட வேண்டாம், உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போ என்றார். அப்படியே செய்தார்.

பொம்மியை முதலாவதாக உள்ளே எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது அது நாக்கைத் தொங்கவிட்டு ஈரத் துணிபோலக் கிடந்தது. சௌந்திரத்தின் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. சுற்றிலும் வெந்நீர் அடைத்த பாட்டில்களைத் துணியில் சுருட்டி வைத்திருந்தார்கள். கண் விழிக்க ஒரு மணி நேரம் ஆனது. முதலில் ஒரு காது அசைந்தது. பிறகு பொம்மி அவருடைய விரலை மோந்து பார்த்தது. தையல் ஒரு சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, நேராக இருந்தது.

கிளம்பும்போது ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் மயிலம்மாள் அதைப் படிக்கச் சொன்னார். பெயர் பொம்மி, எடை மூன்று கிலோ எண்ணூறு, கொடுத்த மருந்து, செய்த டாக்டரின் பெயர், ராத்திரியில் ஏதாவது என்றால் கூப்பிட ஒரு எண். கூடையில் துண்டுக்குள் பொம்மி முனகியது.

"நம்ம பேரையாச்சும் கேட்டாங்களா அன்னைக்கு?" என்றார் மயிலம்மாள்.

"நெம்பர் எழுதி முதுகுல ஒட்டுனாங்க. எனக்கு நாப்பத்தொண்ணு."

"எனக்கு நாப்பத்திரெண்டு."

சௌந்திரம் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் உட்கார இடமில்லை. மறுநாள் காலை ஆறு மணி ஷிப்ட். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் கம்பியைப் பிடித்து நின்றபடியே பள்ளிபாளையம் வந்து சேர்ந்தார்.