இரண்டு ஆசிட், ஒரு வாளி ஐஸ்

எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் எனக்கு வாய்த்த புராஜெக்ட் மேடம் நல்லவர்தான். ஆனால் என் தலைப்பைக் கேட்டதும் சிரித்துவிட்டார். ஒரே அளவு கரைத்தாலும் வலுவான அமிலம் தண்ணீரின் உறைநிலையை அதிகம் இறக்கும், வலுக்குறைந்த அமிலம் குறைவாக இறக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் முழுக்க அயனிகளாகப் பிரிந்துவிடும். அசிட்டிக் கொஞ்சம்தான் பிரியும். துகள்கள் கூடக் கூட, உறைய இன்னும் குளிர் வேண்டும். புத்தகத்தில் இருப்பதுதான். அதை என் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

“ஏம்மா, இந்த வெயிலுக்குள்ள ஐஸ வச்சு மல்லுக்கட்டுறதுக்கு, போர் தண்ணியில உப்பு எம்புட்டு இருக்குன்னு பார்த்துட்டுப் போயிரலாம்ல?” என்றார் மேடம்.

வகுப்பில் பாதிப் பேர் போர் தண்ணீர்தான். வெள்ளிக்கிழமைக்குள் சரியான அளவு காட்டாவிட்டால் நானும் அதுதான் என்று முடிவானது.

நானும் என்னோடு புராஜெக்ட் செய்த தோழியும் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுவந்தோம். தெப்பக்குளம் தாண்டுவதற்குள் என் சுடிதார் நனைந்துவிட்டது. வாளியில் ஐஸை உடைத்துப் போட்டு, கல்லுப்பைக் கொட்டி, கரைசல் இருந்த குழாய்களை இறக்கினோம். ஃபேனை அணைத்தோம். ஜன்னலைச் சாத்தினோம். குழாய்ப் பக்கம் போன என் விரலைத் தோழி தட்டிவிட்டாள்.

“ஏய், தொடாதடி. கைச்சூடு ஏறிரும்.”

மூச்சைக்கூட அந்தப் பக்கம் திரும்பித்தான் விட்டோம். மதுரையில் பிறந்தவர்கள் குளிர்ச்சியை அப்படித்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள்.

தெர்மாமீட்டர் இறங்கிய கடைசி அளவை எழுதினோம். எல்லாம் தலைகீழ். அசிட்டிக்தான் அதிகம் இறங்கியிருந்தது. மறுநாளும் அதே கதை. மேடம் திட்டவில்லை. “தண்ணி பிடிக்க பாட்டில் இருக்காம்மா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், மைனஸ் நான்குக்குக் கீழே போயும் அசிட்டிக் கரைசல் தண்ணீராகவே கிடந்தது. உறையாத ஒன்றுக்கு என்ன உறைநிலை? பொறுமை போய், கண்ணாடிக் குச்சியை விட்டு வேகவேகமாகக் கலக்கினேன். குழாய் முழுக்கச் சட்டென்று பனித்தூள். பாதரசம் விறுவிறுவென்று மேலே ஏறி, மைனஸ் ஒன்றின் பக்கத்தில் நின்றது. அதுதான் உறைநிலை. அசைக்காமல் விட்டால் தண்ணீர் உறைநிலையைத் தாண்டி இறங்கியும் உறையாமல் கிடக்கும். காப்பாற்றிக் காப்பாற்றியே நாங்கள் கெடுத்திருந்தோம்.

வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மேடத்தை ஓடிப்போய் மறித்தேன். ஹைட்ரோகுளோரிக் குழாயை இறக்கி, குச்சியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

“நீங்களே கலக்குங்க மேடம். விடாமக் கலக்கணும்.”

கலக்கினார். பனி பூத்தது. பாதரசம் கொஞ்சம் ஏறி, மைனஸ் இரண்டை ஒட்டி நின்றது. அசிட்டிக்கைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவர் குனிந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வாளியில் ஐஸ் முக்கால்வாசி கரைந்திருந்தது.

கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தார்.

“இன்னொரு கட்டி வாங்கிட்டு வாங்க. நான் இங்கனதான் இருக்கேன்.”