கண்மலர் இரண்டாம் பாகம்

மோர்ப்பானையை இறக்கிவைத்துவிட்டுப் பாவாயி கூரையை அண்ணாந்து பார்க்கிறாள் என்ற இடம் வந்ததும் குழந்தைவேல் புத்தகத்தை மூடிவிட்டார். ஒரு விரல் மட்டும் பக்கத்துக்குள்ளேயே இருந்தது. இராசிபுரம் சந்தையில் புளியமரத்தடியில் அவரைச் சுற்றிக் குந்தியிருந்தவர்கள் ஒன்றாக முனகினார்கள். மேச்சேரி ஆடு ஓட்டி வந்திருந்த ஒருவர், "அட, மேல படிங்க சாமி! சலங்கைய யாரு எடுத்தாங்கன்னு தெரியாம எப்படீங்க ஊட்டுக்குப் போறது?" என்று கெஞ்சினார்.

"மேல இருக்கறது வாங்கறவங்களுக்குங்க" என்றார் குழந்தைவேல், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆட்டுக்காரர் ஒரு பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டப் போனார். அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார் குழந்தைவேல். முடிவை முதலில் பார்க்கிறவருக்கு அவர் புத்தகம் விற்பதில்லை. தாசில்தார் கச்சேரி குமாஸ்தாவுக்கும் அதே சட்டம்தான்.

ஜில்லா போர்டில் அம்மை குத்துகிறவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வெண்ணந்தூர், நாமகிரிப்பேட்டை என்று எந்த ஊருக்குள் அவருடைய சைக்கிள் நுழைந்தாலும் பிள்ளைகள் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். "குழந்தைவேலுன்னு பேரு வெச்சாங்க. ஒரு குழந்தையாச்சும் என்னையப் பாத்துச் சிரிச்சிருக்குமுங்களா?" என்று அவரே சொல்வார். அப்படி ஓடி ஒளிந்தவர்கள்தாம் வளர்ந்து, இன்று அவர் எதிரில் வாய் பிளந்து உட்கார்ந்து கதை கேட்கிறார்கள். யார் வந்து நின்றாலும் அவர் பார்வை முதலில் போவது முகத்துக்கு அல்ல, தோளுக்குக் கீழே இருக்கும் தழும்புக்கு. தழும்பு நன்றாக விழுந்திருந்தால், "இது நம்ம கை" என்று தமக்குள் சொல்லிக்கொள்வார்.

விரிப்பில் ஏழு தலைப்புகள் இருக்கும். எல்லாம் மோர்க்காரி பாவாயி துப்பறிந்த கதைகள். வீடு வீடாக மோர் ஊற்றப் போகிறவளுக்கு எந்த அடுப்பு எரிந்தது, எந்த அடுப்பு எரியவில்லை என்று தெரியும். தொலைந்த சலங்கை, மாறிப்போன கன்றுக்குட்டி, கல்யாணத்துக்கு முதல்நாள் காணாமல்போன கூறைப்புடவை எல்லாவற்றையும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். துப்பாக்கி கிடையாது, போலீசு கிடையாது. எடுத்தவர் கடைசியில் அழுதுகொண்டே கொண்டுவந்து வைப்பார். பாவாயி அவருக்கு ஒரு சொம்பு மோர் ஊற்றிக் கொடுப்பாள். அட்டையில் "இயற்றி வெளியிட்டவர்: இராசிபுரம் ம. குழந்தைவேல்" என்று அச்சிட்டிருக்கும்.

எட்டாவது புத்தகமும் உண்டு. அது விரிப்பில் இருப்பதில்லை.

உத்தியோகம் முடிந்து வீட்டில் உட்கார்ந்த வருஷம் பொழுது போகாமல் துப்பறியும் நாவல்களாக வாங்கிப் படித்தவர், நாமும் எழுதினால் என்ன என்று ஆரம்பித்தார். சென்னைப் பட்டணம், மோட்டார் கார், சுருட்டுப் பிடிக்கும் துப்பறிவாளர், மாடியில் ஒரு பிணம். எழுதி முடித்து மனைவி கந்தம்மாளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் தறிக்காரர்களுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பவள். எழுத்து தெரியாது. ராட்டையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இந்தத் துப்பறியறவரு ரெண்டு நாளா ஒண்ணுமே திங்கலீங்களே? பசிக்காதுங்களா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீ ஒரு கதையச் சொல்லு பாக்கலாம்."

சொன்னாள். நூல் அறுந்தபோது மட்டும் நிறுத்தி, முடிபோட்டு, மறுபடி சொன்னாள். அதுதான் சலங்கைக் கதை. கேட்டு முடித்ததும் குழந்தைவேல் தம்முடைய சென்னைப் பட்டணத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டார்.

அன்றிலிருந்து கதை அவளுடையது, எழுத்து அவருடையது. ஒரு பிணமாவது வேண்டாமா, அப்போதுதானே ஜனங்கள் வாங்குவார்கள் என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். "செத்தவங்களத் திருப்பிக் குடுக்க முடியாதுங்க. தொலைஞ்ச பொருளுன்னாத் திருப்பிக் குடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டாள். அவள் பெயரையும் அட்டையில் போடுகிறேன் என்றதற்கு, "எம்பட பேரு சந்தையில கெடந்து மிதிபடோணுமாக்கும்? போங்க அக்கட்ட" என்றாள். எடுத்தது யார் என்பதை மட்டும் கடைசி நாள்வரை அவரிடமும் சொல்லமாட்டாள். அவர் தவித்துக்கொண்டு எழுத வேண்டும், அதில் அவளுக்கு ஒரு குஷி. பிள்ளையில்லாத அந்த வீட்டில் சாயங்காலங்கள் இப்படித்தான் போயின.

எட்டாவது கதையில் மாரியம்மனுக்குச் சாத்தும் வெள்ளிக் கண்மலர் தொலைந்துபோகிறது. கதை நீண்டுவிட்டது. உலக யுத்தத்தால் காகிதம் கிடைக்காத காலம் வேறு. சேலத்தில் அச்சாபீஸ் வைத்திருக்கும் வேலுசாமி, "ரெண்டு பாகமாப் போட்டுரலாமுங்க. இருக்கற பேப்பருக்கு மொதல் பாகம், மிச்சம் பொறவு" என்று யோசனை சொன்னார். அப்படியே முதல் பாகம் வந்தது. பாவாயி கோயில் வாசலில் பானையை இறக்கி, "எடுத்தது யாருன்னு தெரிஞ்சு போச்சு" என்று சொல்வதோடு அது முடிந்தது. நாலு சந்தையில் எல்லாப் பிரதிகளும் தீர்ந்துவிட்டன.

இரண்டாம் பாகத்தில் பாதிவரை கந்தம்மாள் சொல்லி, அவர் எழுதி, அச்சாபீசுக்கும் அனுப்பியாகிவிட்டது. அப்போதுதான் அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தார்கள். பிறகு கஷாயத்துக்கும் இறங்கவில்லை, டாக்டர் மருந்துக்கும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னாயி ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கொஞ்சம் தெளிந்திருந்த ஒரு மத்தியானம் கந்தம்மாள் கண்ணைத் திறந்து, "ஏனுங்க, அந்தக் கண்மலரு..." என்று ஆரம்பித்தாள்.

அவள் எப்போதும் கடைசியில்தான் சொல்வாள். இப்போது சொல்ல வருகிறாள் என்றால்? குழந்தைவேல் அவசரமாக அவள் நெற்றியைத் தடவினார்.

"அதுக்கென்ன இப்ப அவசரம்? நல்லானதும் சொல்லு. தூங்கு புள்ளே."

அவள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து சந்தைக்குப் போனார். புளியமரத்தடியில் அவருக்காகக் காத்திருந்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள். விசாரித்து முடித்ததும் ஒருவர் தயங்கித் தயங்கி, "அந்த ரெண்டாம் பாகம் எப்பங்க?" என்று கேட்டார். "பேப்பர் இல்லீங்க" என்றார் குழந்தைவேல். அடுத்த சந்தையிலும் அதையே சொன்னார். மாதக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். காகிதத்துக்கு நிஜமாகவே கட்டுப்பாடு இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள்.

வீட்டில் அவர் சும்மா இருக்கவில்லை. பூசாரிதான் எடுத்தார் என்று எழுதிப் பார்த்தார். வட்டிக்காரர் என்று எழுதினார். சலவைக்காரர் என்று எழுதினார். எதை வாசித்தாலும் பழைய சென்னைப் பட்டணத்து வாடை அடித்தது. கிழித்துப் போட்டார். பொன்னாயியைக் கூப்பிட்டு, "உங்கிட்டயாச்சும் ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார்.

"கதையெல்லாம் எனக்கெங்கீங்க தெரியும்?" என்றாள் பொன்னாயி. பிறகு யோசித்து, "தார் சுத்தறப்ப ஒருக்கா தன்னால பேசிக்கிட்டிருந்துச்சுங்க. 'அம்மன் கண்ணையே எடுத்தாள்னா, அவளுக்கு எத்தனை துக்கம் இருந்திருக்கோணும்' அப்படீன்னு."

அவளுக்கு. அப்படியானால் எடுத்தது ஒரு பெண். முதல் பாகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பூக்கட்டுகிறவள், பூசாரி மருமகள், புருஷன் கண்டிக்குப் போய்த் திரும்பாத ராசம்மாள். யாரை எடுத்துக்கொண்டாலும் அவளுடைய துக்கம் என்ன என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஜில்லாவில் அவர் நுழையாத வீடு கிடையாது. ஆனால் எந்த வீட்டிலும் பெண்கள் கதவுக்குப் பின்னால் இருந்துதான் பிள்ளையின் கையை நீட்டினார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதெல்லாம் கந்தம்மாளிடம் வந்து சேர்ந்ததே தவிர, அவரிடம் யாரும் சொன்னதில்லை.

போன மாசிச் சந்தையில் வெண்ணந்தூரிலிருந்து ஒரு நெசவுக்காரப் பெண் வந்தாள். வசந்தாமணி என்று பெயர். கூட்டம் கலையும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு அருகில் வந்தாள்.

"எங்காத்தா கெடையில கெடக்குதுங்க. மொதல் பாகத்தை நாந்தான் படிச்சுக் காட்டினேன். கண்மலர எடுத்தது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் கண்ணை மூடுவேன்னு சொல்லுது. புஸ்தகம் வராட்டிப் பரவாயில்லீங்க. பேரை மட்டும் சொல்லிருங்க, நான் போய்ச் சொல்லிர்றேன்."

ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். பூக்கட்டுகிறவள் என்று சொன்னால் அந்தக் கிழவி நிம்மதியாகப் போயிருப்பாள். குழந்தைவேல் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. எழுதுனது மட்டுந்தான் நானு. சொன்னது எம்பட ஊட்டுக்காரி. மத்த ஏழு கதையும் அவ சொன்னதுதான். சாகறப்ப அதைச் சொல்ல வந்தா. நாந்தான் தூங்குன்னு சொல்லிப்போட்டேன்."

வசந்தாமணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தவள் கூடையை விட்டு எழுந்து வந்தாள். "பாவாயி உங்க ஊட்டுக்காரியா சாமி?" என்று கேட்டாள். "அதான பாத்தேன். ஆம்பளைக்கு ஏது உறைமோர் கணக்கெல்லாம்?"

"அவிய பேரு என்னங்க?" என்றாள் வசந்தாமணி.

ஒன்பது வருஷமாகப் புத்தகம் விற்ற அந்த மரத்தடியில் அன்றுதான் அவர் முதன்முதலாக அந்தப் பெயரைச் சொன்னார்.

இரண்டு சந்தை கழித்து வசந்தாமணி திரும்பி வந்தாள். நெற்றியைப் பார்த்ததும் ஆத்தா போய்விட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. திருநீறு மட்டும் இட்டிருந்தாள்.

"சொன்னேனுங்க. கதை சொன்ன அம்மா போயிட்டாங்க, எடுத்தவங்க பேரு தெரியாதுன்னு சொன்னேன். கோவிச்சுக்குமுன்னு பயந்தேன். 'போகுது வுடு, அவளே கொண்டாந்து வெச்சிருவா, பேரு எதுக்கு'ன்னு சொல்லிச்சுங்க. பொறவு அதைப் பத்திக் கேக்கவே இல்ல."

அன்று குழந்தைவேல் எதையும் வாசிக்காமல் விரிப்பைச் சுருட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் கரிப் புகை கக்கிக்கொண்டு போகும் பஸ்ஸில் ஏறிச் சேலம் போனார்.

வேலுசாமிக்கு அவரைக் கண்டதும் சங்கடம். இரண்டாம் பாகத்துக்கு அச்சுக் கோத்த பக்கங்கள் அப்படியே சணலால் கட்டிப் பலகையில் கிடந்தன. ஈய எழுத்து எங்கேயும் கிடைக்காத காலம். பங்கீட்டுக் கடை நோட்டீசுக்குக்கூட அவரிடம் எழுத்துப் பற்றவில்லை. ஆனாலும் கோத்ததைக் கலைத்து எழுத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று துக்க வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று இத்தனை நாள் கேளாமல் இருந்துவிட்டார்.

"கலைச்சுருங்க" என்றார் குழந்தைவேல்.

"ஏனுங்க? மிச்சத்தை நீங்களே ஒரு மாதிரி முடிச்சுருங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமுங்களே."

வேலுசாமி எழுந்தார். பலகையைத் தூக்கி வந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். வரி வரியாக ஈயம் மங்கலாக மின்னியது. கந்தம்மாள் கடைசியாகச் சொன்ன வாக்கியங்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி நின்றன. குழந்தைவேல் குனிந்து படிக்கப் பார்த்தார். பழக்கமில்லாத கண்ணுக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பிடிபடவில்லை.

வலது உள்ளங்கையை அந்த எழுத்துகளின் மேல் விரித்து வைத்தார். உடம்பின் கனம் முழுவதும் இறங்கும்படி அழுத்தினார். எடுத்துப் பார்த்தபோது சதையில் இரண்டு மூன்று வரி பள்ளமாக, நேராக, படிக்கும்படி விழுந்திருந்தது. உதடு அசைய ஒருமுறை படித்தார். ஓரத்திலிருந்து அது மறையத் தொடங்கியதும் விரல்களை இறுக மடக்கிக்கொண்டார். பிறகு, மடக்கிய கையைத் திறக்காமலே, இடது கையால் சணல் முடிச்சைத் தேடி அவிழ்க்க ஆரம்பித்தார்.