கோப்பையை நிரப்ப மாட்டேன்

2009 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் செவன் கிங்ஸில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஓர் அண்ணையின் வீட்டு மாடியில் நடந்தது. திகதி பிசக வழியில்லை. கசாக் மக்களின் புத்தாண்டு அன்றுதான்.

அண்ணை யாழ்ப்பாணத்தவர். ஜெர்மனியில் அகதியாகப் பல வருடம் இருந்துவிட்டு, லண்டனுக்கு வந்து கடை போட்டு வீடும் வாங்கியவர். மாடி அறையில் கசகஸ்தான் பெண் ஒருவர் வாடகைக்கு இருந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கும் வேலை. விரத நாளான வெள்ளிக்கிழமையிலும் ஆட்டிறைச்சி அவிக்கிறார், வீடெல்லாம் மணக்கிறது என்று அண்ணைக்குக் கோபம். மாத முடிவோடு அறையை விடச் சொல்லிவிட்டார். வேறு இடம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த அந்தப் பெண், அப்படியிருந்தும் புத்தாண்டுத் தேநீருக்கு அண்ணையை அழைத்தார்.

“நீர்தானே உந்தத் தேசங்களைப் பற்றி விழுந்து விழுந்து வாசிக்கிறனீர். வாரும், எனக்குத் தனியப் போய் இருக்க ஏலாது” என்று அண்ணை என்னையும் இழுத்துப் போனார்.

வாசித்திருந்தது உண்மைதான். வேலியே இல்லாத அந்தப் புல்வெளி, மூச்சு உறையும் குளிர்காலம், ஆட்டையும் குதிரையையும் ஓட்டிக்கொண்டு புல்லைத் தேடிப் போன குடிகள், முப்பதுகளின் தொடக்கத்தில் சோவியத் அரசு மந்தைகளைப் பறித்ததும் வந்த பெரும் பஞ்சம். படியேறும்போதே எல்லாவற்றையும் வருட வாரியாகச் சொல்லத் தொடங்கினேன்.

“நிப்பாட்டும். சோதினைக்கோ போறம்?” என்றார் அண்ணை.

அந்தப் பெண் நிலத்தில் துணி விரித்து, பொரித்த மாவுருண்டைகளும் உலர்ந்த பழங்களும் பரப்பியிருந்தார். அண்ணைக்காக அன்று இறைச்சியே சமைக்கவில்லை. பிடியில்லாத சின்னக் கோப்பையில் பால் தேநீர் வந்தது. பாதிதான் இருந்தது. குடித்து முடித்ததும் வாங்கி மறுபடி அதே பாதி. அடுத்த முறையும் அப்படியே. விருந்தாளிக்குக் கோப்பை தளும்ப வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

“பாத்தீரே? அறையை விட்டு எழும்பச் சொன்னதுக்குப் பழி வாங்கிறாள். எங்கட பூனைக்கும் இதைவிடக் கூட வைப்பம்.”

அண்ணை கோப்பையை நீட்டி, நிரப்பும்படி ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் முடியாது என்று தலையசைத்தார். கோபம் எல்லை மீறினால் அண்ணைக்கு ஜெர்மன் வந்துவிடும். ஏதோ வெடித்தார். அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, அதே ஜெர்மன் மொழியில், அவரைவிட வேகமாகப் பதில் சொன்னார். அண்ணை என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

“ஊரில இவையின்ர பக்கத்து வீட்டுச் சனம் ஜெர்மன்காரராம். சோவியத்துக்காரர் ரயிலில ஏத்திக்கொண்டுவந்து புல்வெளியில இறக்கிவிட்ட சனமாம்.”

“ஓம் அண்ணை, வொல்கா ஆத்தங்கரையில இருந்த ஜெர்மன்காரர். நாற்பத்தொண்டில...”

“வருசத்தை விட்டுட்டுக் கேளும். பஞ்சத்தில இவையின்ர குடும்பத்தில பாதி செத்துப்போச்சாம். மிஞ்சினதுகள்தான் அந்தச் சனத்தைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி குடுத்ததாம். பாதிக் கோப்பை எண்டால், இரு, கதைப்பம், ஆற ஆறச் சூடா வாக்கிறன் எண்டு அர்த்தமாம். நிறைச்சுக் குடுத்தால், குடிச்சிட்டுப் போ எண்டு அர்த்தமாம்.”

அந்தப் பெண் இன்னும் ஏதோ சொன்னார். குரல் உயரவில்லை, ஆனால் பார்வை அண்ணையை விட்டு விலகவுமில்லை. அதை மட்டும் அண்ணை உடனே தமிழில் சொல்லவில்லை. நான் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

“‘வீடு உன்ர. என்னைப் போகச் சொல்லு, போறன். ஆனா நான் விரிச்ச துணியில வந்து இருக்கிற ஆளைப் போகச் சொல்ல மாட்டன். நிரப்ப மாட்டன்’ எண்டுறாள்.”

அண்ணை கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டி, “கொஞ்சமா ஊத்து, பிள்ளை” என்றார். தமிழில்தான் சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பேச்சு நெடுநேரம் நீண்டது. அறையில் தொடர்ந்து இருக்கலாம், வெள்ளியில் மட்டும் இறைச்சி வேண்டாம் என்று அண்ணை இறங்கிவந்தார். அந்தப் பெண் இறங்கவில்லை. “வெள்ளியும் சமைப்பேன், ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்” என்றார். அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறையை விடும் பேச்சு அதன் பிறகு எழவேயில்லை.

எதிர்த்து நிற்பது என்று யார் பேசினாலும், தன்னைப் போகச் சொன்னவரை இருக்கச் சொல்லி அடம்பிடித்த அந்தப் பெண்தான் இன்றைக்கும் என் கண்முன் வருகிறார்.